ஏணியைப் பிடிப்பது யார் பொறுப்பு?



ஆயுத பூஜை நெருங்குகிறது. அதையடுத்துத் தீபாவளி. அதற்குப் பின் பொங்கல். இந்த நான்கு மாதங்களில் நம் கடைகளில் சரக்குக்கு அடுத்தபடியாக அதிகம் கையாளப்படும் பொருள் எது என்று கேட்டால் ஏணி என்றுதான் சொல்ல வேண்டும். ஒட்டடை அடிக்க ஏணி, வெள்ளையடிக்க ஏணி, கண்ணாடி துடைக்க ஏணி, சீரியல் பல்பு கட்ட ஏணி, பரணில் இருக்கும் சரக்கை இறக்க ஏணி. ஆண்டு முழுவதும் கிட்டங்கியின் மூலையில் சாத்திக் கிடந்த ஏணி இப்போது ஒரு நாளைக்குப் பத்து முறை உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறது.

தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடுகிறோம். கணக்குப் புத்தகத்தைப் பூஜையில் வைத்துப் பொட்டு வைக்கிறோம். ஏணிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஏணியின் படிகள் உறுதியாக இருக்கின்றனவா, கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்பதற்கு முன் எங்களிடமே கேட்டுக்கொண்டோம். கிடைத்த விடை பெருமைப்படத் தக்கதாக இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பலகைக் கதவிலிருந்து கண்ணாடிக்கு

திருவரங்குளத்துக் கடைவீதியை நன்கறிந்த மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். அந்நாளில் கடை என்றால் பலகைக் கதவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பலகைகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக அடுக்குவோம். இரவில் அதே வரிசையில் பூட்டுவோம். கடையின் நெற்றியில் தகரத்தில் எழுதிய சிறு பெயர்ப் பலகை. அதற்கு மேல் ஓடு. துடைப்பதற்குக் கண்ணாடி என்று ஒன்று கிடையாது. ஒட்டடைக் கம்பு ஒன்றிருந்தால் போதும்.

பிறகு இரும்பு ஷட்டர் வந்தது. இப்போது புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையின் இரு பக்கமும் பாருங்கள். ஜவுளிக் கடையானாலும் மருந்துக் கடையானாலும் கைப்பேசிக் கடையானாலும் முகப்பில் பத்தடி, பன்னிரண்டடி உயரத்துக்குக் கண்ணாடி. அதற்கு மேல் இரும்புச் சட்டமடித்த ஃப்ளெக்ஸ் பலகை, அதற்கு மேல் விளக்கு. வாடிக்கையாளர் உள்ளே வர வேண்டுமானால் முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது வியாபார உண்மை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சாலைப் புழுதி படியும் கண்ணாடியை வாரம் ஒரு முறையாவது துடைத்தாக வேண்டும்.

பெருநகரங்களில் கண்ணாடி துடைப்பதற்கென்றே ஆட்களும் நிறுவனங்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் யார் துடைக்கிறார்கள்? காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டும் அதே தம்பிதான். பொட்டலம் கட்டும் கையால்தான் அவர் ஏணியையும் பிடிக்கிறார். ஏணியில் எப்படி ஏற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நமக்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே!

எங்கள் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் கடையில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பதினோரு ஆண்டுகளாக எங்களிடம் வேலை பார்த்தவர், குடும்பத்தில் ஒருவர் போல இருந்தவர், ஷட்டருக்கு மேலிருந்த கண்ணாடியைத் துடைக்க மூங்கில் ஏணியில் ஏறினார். கீழே வழவழப்பான டைல்ஸ் தரை. மேலிருந்து வழிந்த சோப்புத் தண்ணீர் அந்தத் தரையில் பரவியிருந்தது. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு பையனை நிறுத்தியிருந்தோம். அந்த நேரம் பார்த்துக் கடையில் கூட்டம். "இங்கே வாப்பா, இவங்களுக்கு ஒரு கிலோ சீனி போடு" என்று அந்தப் பையனைக் கூப்பிட்டது நாங்கள்தான். அவன் தராசுக்கு வருவதற்குள் ஏணியின் கால் வழுக்கியது. எட்டடி உயரத்திலிருந்து மனிதர் குதிகால் ஊன்றி விழுந்தார்.

விழுந்தவரை உடனே தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். சோடா வாங்கிக் கொடுத்தோம். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம். அவ்வளவும் அன்பினால் செய்தது. அவ்வளவும் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. முதுகெலும்பு தப்பியது அவர் செய்த புண்ணியம். எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல.

ஐந்து மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். இன்று வரை மூட்டை தூக்க முடியாது. நடையில் ஒரு சாய்வு நிரந்தரமாகிவிட்டது. பில் போடும் மேசையில் உட்கார வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நாங்கள் ஏற்றோம், சம்பளத்தையும் நிறுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் படுக்கையில் இருந்தபடி அவர் சொன்ன ஒரு சொல்தான் மனத்தில் தைத்தது. "நான்தான் அண்ணே, பார்த்து ஏறியிருக்கணும்" என்றார். அந்தச் சொல்லை அன்று நாங்கள் வசதியாக ஏற்றுக்கொண்டோம். "ஆமாம்பா, இனிமேல் பார்த்து ஏறு" என்று பதிலும் சொன்னோம்.

பிறகு யோசித்தால் உண்மை வேறாக இருக்கிறது. அந்த ஏணியை வாங்கியவர்கள் நாங்கள். பூஜைக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தியவர்கள் நாங்கள். வழுக்கும் டைல்ஸைப் போட்டவர்கள் நாங்கள். ஏணியைப் பிடித்திருந்த பையனைச் சீனி போடக் கூப்பிட்டவர்களும் நாங்களே. அவர் செய்ததெல்லாம் நாங்கள் சொன்னதைக் கேட்டு ஏறியதுதான்.

எட்டடிதானே என்று நினைக்க வேண்டாம்

"எட்டடி உயரம்தானே, என்ன ஆகிவிடும்?" என்று நினைப்பவர்கள் பள்ளியில் படித்த கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டடியிலிருந்து விழுபவர் தரையைத் தொட முக்கால் நொடிகூட ஆவதில்லை. தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஓடும் மொபெட்டிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுவதற்குச் சமம். எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று மூளை நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தலை முதலில் பட்டால் எட்டடி தேவையில்லை, நாலடியே போதும்.

கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எதிர்பாராத விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சாலை விபத்தைப் பற்றி நாம் பேசுகிறோம், ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுகிறோம். ஏணியைப் பற்றிப் பேசுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டு வந்தது. கடையின் தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீத் தடுப்பு ஆகியவற்றைப் பற்றி அது பேசுகிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதும் சேர்ந்தது. ஏணிக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தனது 32ஆம் பிரிவில், விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்போ வேறு பாதுகாப்போ செய்து தர வேண்டும் என்றது. ஆனால் அது ஆலைகளுக்கு. அதையும் உள்ளடக்கிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். நம் கடைவீதியில் பத்துப் பேரை வைத்திருக்கும் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாரங்களுக்கும் ஏணிகளுக்குமான பாதுகாப்பு நெறிகளை இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 3696 என்ற எண்ணில் வகுத்திருக்கிறது. ஏணிகளுக்கான இரண்டாம் பகுதி 1991ஆம் ஆண்டினது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த சில்லறை வணிகர் அரிதினும் அரிது.

அப்படியானால் நமக்குப் பொறுப்பே இல்லையா? இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று நாம் அறிந்திருந்த சட்டம் 1923ஆம் ஆண்டினது. வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதன் அட்டவணையில் கண்ட வேலைகளில், ஒரு மாடிக்கு மேற்பட்ட அல்லது முகடு வரை 12 அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்தின் பராமரிப்பு வேலையும் ஒன்று. நம் கடைகளில் பல அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஒரு நாள் கூலிக்கு வந்தவர்தானே என்ற சாக்குக்கு இருந்த இடத்தையும் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. இந்தச் சட்டமும் வேறு எட்டுச் சட்டங்களும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. பெயர் மாறியது, பொறுப்பு மாறவில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம்; நாம் வணிகர்கள் அல்லவா? 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்குப்படி, இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை அவரது வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குரிய எண் 207.98. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் பாதி 7,500. பெருக்கினால் 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய். உயிர் பிழைத்து, எந்த வேலையும் செய்ய முடியாதபடி நிரந்தரமாக முடங்கிவிட்டால் பாதிக்குப் பதில் 60 விழுக்காடு. அதாவது 18 லட்சத்து 71 ஆயிரத்து 820 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி. தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை அபராதம். நம்மில் எத்தனை பேருடைய மொத்தச் சரக்கின் மதிப்பு இவ்வளவு வரும்?

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு. பாதுகாப்புக்காகத் தெளிவாக வகுத்துச் சொன்ன விதியைப் பணியாளர் வேண்டுமென்றே மீறி அதனால் காயம்பட்டால், மரணமோ முழு நிரந்தர முடக்கமோ நேராத வரையில், முதலாளி பொறுப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால்தானே மீறியதைப் பற்றிப் பேச முடியும்? கடையில் எந்த விதியையும் எழுதி வைக்காதவர் எதைக் காட்டி வாதாடுவார்? ஆகவே ஏணி விதி என்பது பணியாளரை மட்டும் காப்பதல்ல, நம்மையும் காப்பது.

சீமையில் என்ன செய்தார்கள்?

கண்ணாடி துடைப்பதையே பரம்பரைத் தொழிலாகச் செய்பவர்கள் பிரிட்டனில் ஏராளம். ஏணியும் வாளியுமாகத் தெருத் தெருவாகச் செல்வது அவர்கள் வழக்கம். 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே உயரத்தில் செய்யும் வேலைகளுக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. உடனே "ஏணியைத் தடை செய்துவிட்டார்கள், பிழைப்புப் போயிற்று" என்று வதந்தி கிளம்பியது. அப்படி எந்தத் தடையும் இல்லை என்று அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்புத் துறையே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

அந்த விதிகளின் சாரம் மூன்றே கேள்விகள். முதலாவது, ஏறாமலேயே இந்த வேலையைச் செய்ய முடியுமா? இரண்டாவது, ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் விழாதபடி என்ன ஏற்பாடு? மூன்றாவது, ஒருவேளை விழுந்தால் அடி குறைய என்ன வழி? ஏணியைப் பயன்படுத்தலாம்; ஆனால் ஆபத்துக் குறைந்த, சிறிது நேரத்தில் முடியும் வேலைக்கு மட்டும். ஏணியிலேயே ஒரே மூச்சில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டிய வேலை என்றால் வேறு சாதனம் தேடு என்கிறார்கள்.

இதன் பலன் என்ன தெரியுமா? அங்கே கண்ணாடி துடைப்பவர்களில் பலர் தரையில் நின்றபடியே வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள். நீண்ட குழாய்க் கம்பின் நுனியில் தூரிகை. அதன் வழியே தண்ணீர். அந்தத் தண்ணீரும் உப்பு நீக்கியது. உப்பில்லாத தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழாது. ஆகவே ஏறித் துணியால் துடைக்கவும் வேண்டாம். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியில் என்ன கோலம் போடுகிறது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கோலத்தை அழிக்கத்தானே மறுபடி ஏறுகிறோம்! குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் பிடித்த இரண்டு வாளித் தண்ணீரும், ரப்பர் பட்டை வைத்த நீளக் கம்பு ஒன்றும் இருந்தால் நம் கடை முகப்பில் பாதிக்கு மேல் ஏணியே தேவைப்படாது.

நமக்கு நாமே வகுக்க வேண்டிய விதிகள்

அரசு சொல்லட்டும், அதிகாரி வரட்டும் என்று காத்திராமல் ஒவ்வொரு கடையிலும் பின்வருவனவற்றை எழுதி ஒட்டுமாறு வேண்டுகிறோம்.

1. தரையில் நின்று கம்பால் செய்ய முடிகிற வேலைக்கு ஏணியைத் தொடக் கூடாது.

2. பிளாஸ்டிக் நாற்காலி, எண்ணெய் டின், சரக்குப் பெட்டி, அரிசி மூட்டை ஆகியவை ஏணி அல்ல. அவற்றின் மேல் ஏறவும் கூடாது. அவற்றின் மேல் ஏணியை வைக்கவும் கூடாது.

3. ஏறுமுன் ஏணியைப் பார்க்க வேண்டும். மூங்கிலில் வெடிப்பு உண்டா, மாவு போல் தூள் உதிர்கிறதா, படிக் கயிறு தளர்ந்திருக்கிறதா, அலுமினிய ஏணியின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மரத்துக்கும் மூங்கிலுக்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. பெயிண்ட் வெடிப்பை மறைத்துவிடும். பழுதான ஏணியை மூலையில் வைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள். அறுத்து அடுப்புக்குப் போட்டுவிடுங்கள்.

4. சாய்வுக்குக் கணக்கு நாலுக்கு ஒன்று. 12 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணியின் அடியில் கால் விரல்களை ஒட்டி நிமிர்ந்து நின்று கையை நேரே நீட்டினால், தோள் உயரத்திலுள்ள படி உள்ளங்கையில் பட வேண்டும். அதுவே சரியான சாய்வு.

5. கண்ணாடியின் மேலோ ஃப்ளெக்ஸ் சட்டத்தின் மேலோ ஏணியைச் சாய்க்கக் கூடாது. சுவரில் சாய்க்க வேண்டும். முடிந்தால் மேலே கட்டிவிட வேண்டும். பரணுக்கோ மாடிக்கோ ஏறும் ஏணி, ஏறி இறங்கும் இடத்துக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும்.

6. ஈரத் தரையிலும் டைல்ஸிலும் சாக்கோ ரப்பர் விரிப்போ இல்லாமல் ஏணி நிற்கக் கூடாது. அந்த விரிப்பும் நழுவாததாக இருக்க வேண்டும்.

7. இரண்டு கால், ஒரு கை அல்லது இரண்டு கை, ஒரு கால் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. கொக்கியில் மாட்டிக் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம். 25 கிலோ சிப்பத்தைத் தோளில் வைத்து ஏணியில் இறங்குவது வீரமல்ல. கனமான சரக்கின் இடம் கீழ்த்தட்டு.

8. எட்டித் துடைக்கக் கூடாது. இடுப்பு ஏணியின் இரு பக்கக் கம்புகளுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். அரை நிமிடச் சோம்பல்தான் பலரை விழ வைக்கிறது. சாய்ப்பு ஏணியில் கடைசி மூன்று படிகளில் நிற்கக் கூடாது.

9. ஏணியைப் பிடிப்பவருக்கு ஏணியைப் பிடிப்பது ஒன்றே வேலை. முதலாளியே கூப்பிட்டாலும் அவர் நகரக் கூடாது. இந்த விதியை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

10. 18 வயது நிரம்பாதவர், தலைசுற்றல் உள்ளவர், மது அருந்தியவர், காலையில் சாப்பிடாமல் வந்தவர் ஆகியோரை ஏற்றக் கூடாது. ஈர வேட்டி, வழுக்கும் செருப்பு கூடாது.

மின்கம்பி ஓர் எமன்

தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று மின்சாரம். நம் கடைவீதிகளில் மின்கம்பி முகப்பை உரசிக்கொண்டு போவது புதிதல்ல. கட்டடத்திலிருந்து குறைந்த அழுத்த மின்கம்பி பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நாலு அடி, விலகியிருக்க வேண்டும் என்று மின்சார விதிகள் 1956ஆம் ஆண்டிலிருந்தே சொல்லி வருகின்றன. கம்பி போன பிறகு நாம் பலகையை முன்னே தள்ளினோமா, பலகை வந்த பிறகு கம்பி போனதா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அலுமினிய ஏணி மின்சாரம் பாயும் வழி. நனைந்த மூங்கிலும் அப்படியே. இரும்புச் சட்டமடித்த ஃப்ளெக்ஸ் பலகையை நான்கு பேர் தூக்கி நிறுத்தும்போது ஒரு முனை கம்பியில் பட்டால் நான்கு பேருக்கும் ஒரே கதி. பலகை ஏற்றும் நாளில் மின்வாரிய அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்து, நிறுத்தியாயிற்று என்று உறுதி செய்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்ததை இந்தப் பகுதியில் யார் மறப்பார்கள்? வீட்டுக் கூரையும் கடைத் தகரமும் பறந்தன, தென்னையும் பலாவும் சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. மறுநாளே நாம் எல்லோரும் கிடைத்த ஏணியில் ஏறிக் கிடைத்த தகரத்தைச் சரி செய்தோம். புயலுக்குத் தப்பியவன் ஏணியிலிருந்து விழுந்து சாகக் கூடாது. ஈரமும் காற்றும் அறுந்த கம்பியும் உள்ள நேரத்தில்தான் இந்த விதிகள் மிகவும் தேவை. வடகிழக்குப் பருவமழையும் நம் பண்டிகைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

"இன்னொரு விதியா?"

இதைப் படிக்கும் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். "ஜி.எஸ்.டி. கணக்கு ஒரு பக்கம், உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒரு பக்கம், எடையளவு முத்திரை ஒரு பக்கம். ஆன்லைன் வியாபாரம் வேறு நம் கல்லாவைக் காலி செய்கிறது. இதில் ஏணிக்கும் ஒரு விதியா?" என்று கேட்கலாம். நியாயமான ஆதங்கம்தான். புதிதாக ஒரு அதிகாரி வந்து ஏணியை அளக்க வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. அப்படி ஒரு நிலை வராமலிருக்க வேண்டுமென்றால் நாமே முந்திக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

செலவு என்ன? நல்லதோர் அலுமினிய மடக்கு ஏணி, இரண்டு மூன்று சிப்பம் பொன்னி அரிசியின் விலை. நீளக் கம்பு அதைவிடக் குறைவு. 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில், 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குள்ள எவரும் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். இந்த 20 ரூபாயை ஒவ்வொரு பணியாளருக்கும் முதலாளியே கட்டினால் நம் கல்லா குறைந்துவிடாது. அதனால் நமது சட்டப் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வெள்ளையடிக்க வெளியாளை அழைக்கும்போது, 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய வழி சொல்லுங்கள்.

"எங்கள் கடைப் பையன் குரங்கு மாதிரி ஏறுவான், அவனுக்கு விதி தேவையில்லை" என்பவர்களும் உண்டு. குரங்குக்கு மரம் பழக்கம். நம் பையனுக்குப் பழக்கமானது பயமின்மை மட்டுமே. எங்கள் கடைக்காரரும் பதினோரு ஆண்டு ஏறியவர்தான்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே படுக்க விட்டு, 108க்கு உடனே தகவல் சொல்லுங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கம்பியில் மின்சாரம் இருக்கும் வரை அவரையோ ஏணியையோ தொடாதீர்கள். ஓடிப் போய்த் தூக்குவதுதான் மனிதாபிமானம் என்று தோன்றும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே பெரிய உதவி.

சங்கத்துக்கு நம் வேண்டுகோள்

கோயில் திருப்பணி என்றால் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, பலகை போட்டுச் சாரம் அமைத்த பிறகே கோபுரத்தில் ஆள் ஏறுகிறார். தெய்வ காரியத்துக்கு எடுக்கும் அந்த நிதானத்தை நம் தொழிலுக்கும் எடுப்போம். ஒவ்வொரு சிறு கடையும் பெரிய ஏணியும் தளமும் வாங்க முடியாது என்பது உண்மை. ஆகவே சங்கமே உறுதியான, சக்கரம் வைத்த நல்ல மேடை ஏணி ஒன்றும், நீளக் கம்பு இரண்டும் வாங்கி வைத்து உறுப்பினர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம். பந்தல் பாத்திரங்களைச் சங்கங்கள் வாடகைக்கு விடுவதில்லையா? அதுபோலத்தான். தீயணைப்புத் துறையினரை அழைத்து ஏணி ஏறும் முறையையும் முதலுதவியையும் ஒரு மாலை நேரத்தில் நம் பணியாளர்களுக்குச் செய்து காட்டச் சொல்லலாம். ஆண்டுதோறும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். மே 5 நம் வணிகர் தினம். இந்த இரண்டு நாள்களிலும் ஒவ்வொரு கடைக்காரரும் தம் ஏணியைத் தாமே சோதித்து, பழுதானதை ஒழிப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

தமிழில் ஏணி என்றால் ஏற்றிவிடுவது. ஏறியவர் மறந்தாலும் தான் நின்ற இடத்திலேயே நிற்பது. நம் கடைகள் இன்று இந்த உயரத்துக்கு வந்திருப்பதற்கு, காலையில் நமக்கு முன் வந்து, இரவில் நமக்குப் பின் போகும் நம் பணியாளர்களே ஏணி. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தவர்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

இந்த ஆயுத பூஜைக்கு ஏணிக்குப் பொட்டு வைக்கும்போது, முதலில் அதன் ஒவ்வொரு படியையும் கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு ஏற வேண்டியவரைக் கூப்பிட்டு, "தம்பி, அவசரமில்லை. நான் பிடித்துக்கொள்கிறேன், நீ ஏறு" என்று சொல்லுங்கள். அந்த நேரம் வாடிக்கையாளர் வந்தால் இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லலாம். ஒரு கிலோ சீனி எங்கும் ஓடிவிடாது.